கடைசி வருட டூர்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பட்டப்படிப்பு முடியும் ஆண்டில் வகுப்பு மாணவர்கள் ஒன்றுசேர்ந்து வெளியூர் போய்வருவதை ‘ஃபைனல் இயர் டூர்’ என்பார்கள். கடைசித் தேர்வு முடிந்து முடிவு வரும்வரையுள்ள கோடை வாரங்களில், கல்லூரிக்குச் சம்பந்தமில்லாமல் நண்பர்களாகக் கிளம்பிப் போகும் பயணங்கள் அதன் மறுபாதி. இந்த வழக்கத்தை யாரும் திட்டமிட்டு ஏற்படுத்தவில்லை. போகும் ஊர், ஏறும் ரயில், கிடைக்கும் விடுமுறை, கட்டணச் சலுகை ஆகிய எல்லாமே வேறு யாருக்காகவோ வேறு காரியத்துக்காகவோ ஏற்பட்டவை. மாணவர்கள் அவற்றை ஒவ்வொன்றாகத் தங்கள் வசமாக்கிக்கொண்டார்கள். ஜாலியாக ஊர் சுற்றப் போகிறோம் என்று வீட்டில் சொல்ல முடியாத காலத்தில், ‘கல்வி’ என்ற பெயரில்தான் இந்தப் பயணம் வாசற்படி தாண்டியது. அந்தப் பெயர் அண்மைக் காலம்வரை அதை விட்டுப் போகவில்லை.

படிப்பு முடிந்தவன் ஊரைவிட்டுக் கிளம்புவது என்ற எண்ணம் மிகப் பழையது. பிராமணத் திருமணங்களில் இன்றும் நடக்கும் காசி யாத்திரைச் சடங்கில் மணமகன் குடையும் கைத்தடியும் விசிறியுமாகக் காசிக்குப் புறப்படுகிறான். பெண்ணின் தகப்பனார் வழிமறித்து, பெண் தருகிறேன், இல்லறம் ஏற்றுக்கொள் என்று சொல்லித் திருப்பி அழைத்து வருகிறார். பிரம்மசரியம் முடித்தவனுக்கும் குடும்பஸ்தனுக்கும் நடுவில் ஒரு சிறிய இடைவெளி உண்டு, அதில் ஆள் நழுவிப் போய்விடக்கூடும் என்ற கவலை அந்தச் சடங்கில் ஒளிந்திருக்கிறது. தெருமுனைக்கு மேல் யாரும் போனதில்லை என்பது வேறு விஷயம். மற்றபடி தமிழ்நாட்டில் நெடும்பயணம் என்றால் அது கோயிலை நோக்கியது, பெரியவர்கள் முன்நிற்கக் குடும்பமாகச் செய்வது. ஒரே வயதுக்காரர்கள் மட்டும் சேர்ந்து, கும்பிட வேண்டிய தெய்வம் எதுவும் இல்லாத ஓர் ஊருக்கு, சும்மா பார்ப்பதற்காகப் போவது ஆங்கிலக் கல்விக்குப் பின் வந்த பழக்கம்.

முதலில் வந்தது விடுமுறை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டபின் கல்லூரி, தேர்வு, நீண்ட கோடை விடுமுறை என்ற வருடச் சுழற்சி மெல்ல நிலைபெற்றது. ஏப்ரல், மே மாத வெயிலில் சென்னையில் இருக்க முடியாது என்று அரசாங்கமே முடிவு கட்டியிருந்த காலம் அது. மாகாண அரசு ஆண்டில் பல மாதங்கள் மலையேறிவிடும். துரைமார்களும் நீதிபதிகளும் பின்னாலேயே போவார்கள். அப்போது மாணவர்கள் மலைக்குப் போகவில்லை. டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊர் போனார்கள். கத்திரி வெயிலில் கிணற்றில் குதிப்பதும் மாந்தோப்பில் படுத்துறங்குவதும்தான் அந்தத் தலைமுறையின் கோடை. ஆனால் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் போகவிருந்த ஊர்கள் அதற்கு முன்பே உருவாகத் தொடங்கியிருந்தன.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். 1822இல் உதகையில் கல் பங்களா ஒன்றைக் கட்டத் தொடங்கினார். சில ஆண்டுகளில் ஏரியும் வந்தது. அது பாசனத்துக்காக வெட்டப்பட்ட ஏரி. படகு விடுவதற்கு என்று யாரும் அப்போது நினைக்கவில்லை. 1848இல் தாவரவியல் பூங்காவை உருவாக்கும் வேலை மெக்ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணரிடம் ஒப்படைக்கப்பட்டது. மலர்க் கண்காட்சி 1896இல் தொடங்கியது. தெற்கே பழனி மலைத் தொடரில், மதுரையின் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் பயந்த அமெரிக்க மிஷனரிகள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். மதுரை கலெக்டர் வியர் லெவிஞ்ச் 1863இல் அங்கே ஏரி அமைத்தார். அந்தக் காலத்தில் கொடைக்கானலுக்குப் போவதென்றால் அடிவாரத்திலிருந்து நடக்க வேண்டும், அல்லது மட்டக் குதிரையிலோ ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ போக வேண்டும். மோட்டார் போகும் மலைப்பாதை 1910களில்தான் வந்தது. இந்த இரண்டு ஊர்களும் நோயாளிகளுக்கும் அதிகாரிகளுக்கும் ஆனவை. உள்ளூர் இளைஞர் கும்பல் ஒன்று ஏரிக்கரையில் பாட்டுப் பாடிக்கொண்டு போவதை அவற்றைக் கட்டியவர்கள் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார்கள்.

மலைக்கு எல்லோரையும் ஏற்றியது ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பாதை 1899இல் திறக்கப்பட்டது. 1908இல் உதகை வரை நீண்டது. ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தூரத்தில் 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஆரம்பிக்கிறது. எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளியபடி ஏறுகிறது. செங்குத்தான இடங்களில் 12 அடி நகர்ந்தால் 1 அடி உயரம். சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்து விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கும் கூட்டத்துக்கு 7.10 மணிக்கு மலை ரயில் தயாராக நிற்கும். உதகை சேர நண்பகல் ஆகிவிடும். வழியில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும் ஹில்குரோவ் நிலையத்தில் குரங்குகளுக்கு எட்டாமல் வடையைப் பாதுகாப்பது ஒரு தனித் திறமை. யுனெஸ்கோ 2005இல் இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஐந்து மணி நேரம் வேறு எதுவும் செய்ய முடியாமல் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்படி அமைந்த மரப்பலகை இருக்கைகளும் அந்தப் பாரம்பரியத்தில் சேர்த்திதான். வகுப்பில் மூன்று வருடம் பேசிக்கொள்ளாத இருவர் இந்த ரயிலில் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

கல்லூரி மாணவர்களை முதலில் மலைக்கு அழைத்துப் போனது பாடம். தாவரவியல் மாணவன் செடியைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தால் போதாது, முளைத்த இடத்தில் பார்க்க வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த பி.எஃப். ஃபைசன் நீலகிரி, பழனி மலைமுடிகளின் தாவரங்களைப் பற்றி 1915 முதல் வெளியிட்ட நூல்களும், 1932இல் தென்னிந்திய மலை வாசஸ்தலங்களின் தாவரங்களைத் தொகுத்துத் தந்த நூலும் பல தலைமுறை மாணவர்களின் பைகளில் மலையேறின. செடி அமுக்கும் பலகையும் பழைய செய்தித்தாளுமாகப் புறப்படும் இந்தக் களப்பயணத்தில் பகல் பேராசிரியருடையது, இரவு மாணவர்களுடையது. கிண்டி பொறியியல் கல்லூரி நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய ஒன்று. அளவை முகாம் அங்கே பாடத்திட்டத்தின் உயிர்நாடி. சங்கிலியும் தியோடலைட்டும் சுமந்து காட்டில் கூடாரமடித்துத் தங்கும் அந்த நாட்களைப் பற்றித்தான் பழைய பொறியாளர்கள் ஓய்வு பெற்ற பிறகும் பேசுவார்கள். வேளாண்மை மாணவர்களுக்கு நீண்ட கல்விச் சுற்றுலா பாடத்திட்டத்திலேயே உண்டு. ‘ஆல் இந்தியா டூர்’ என்று அவர்கள் சொல்லும்போது மற்ற படிப்புக்காரர்களுக்குப் பொறாமை வராமல் இருக்காது.

பாடத்துக்கு அவ்வளவாக மலை தேவைப்படாத துறைகளுக்கும் மலையில் ஏதாவது ஒரு காரணம் கிடைத்தது. இயற்பியல் வகுப்புக்குக் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1899இல் தொடங்கிய அந்த ஆய்வகத்தில்தான் 1909இல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். பிற்காலத்தில் உதகை அருகே முத்தொரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி 1970இல் சேர்ந்துகொண்டது. வேதியியல் வகுப்புக்கு உதகை இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், விலங்கியலுக்குக் குன்னூர் பாஸ்டர் நிறுவனம், வணிகவியலுக்கு ஒரு தேயிலை ஃபேக்டரி. எந்தப் பட்டத்துக்குப் படித்தாலும் ஊட்டிக்குப் போக ஒரு முகாந்திரம் இருந்தது. முதல்வரின் அறைக்குப் போகும் அனுமதிக் கடிதத்தில் முதல் வரியில் ஆய்வகத்தின் பெயர் இருக்கும். ஏரி, பூங்கா, தொட்டபெட்டா எல்லாம் ‘மற்றும் அருகிலுள்ள இடங்கள்’ என்ற தொடருக்குள் அடங்கிவிடும். முதல்வருக்கும் அது தெரியும். அவரும் ஒரு காலத்தில் அப்படி எழுதிக் கொடுத்தவர்தான்.

பெண்களுக்கு இந்த முகாந்திரம் இன்னும் முக்கியமாக இருந்தது. சென்னையில் ராணி மேரி கல்லூரி 1914இலும், பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி 1915இலும் தொடங்கின. ராணி மேரி கல்லூரிக்கு எதிரே மெரினா. ஆனால் விடுதி மாணவிகள் சாலையைக் கடந்து கடற்கரைக்குப் போக ஒரு நேரம், திரும்ப ஒரு நேரம், உடன் வர ஒருவர் என்று கட்டுப்பாடுகள் இருந்தன. அப்படிப்பட்ட சூழலில் நாலு நாள் வெளியூர் என்பது பேராசிரியைகள் பொறுப்பேற்று, பெற்றோர் கையெழுத்திட்ட தாள் கைக்கு வந்தால் மட்டுமே நடக்கக்கூடியது. கல்யாணத்துக்கு முன்பு தோழிகளோடு வெளியூரில் தங்கியது அந்த ஒரு முறைதான் என்று சொல்லும் பாட்டிகளும் அம்மாக்களும் தமிழ்நாட்டில் ஏராளம். ஆண்களுக்கு டூர் பல கொண்டாட்டங்களில் ஒன்று. பெண்களுக்குப் பெரும்பாலும் அது ஒன்றே ஒன்று. கல்லூரிச் சுற்றுலாவின் வரலாற்றை ஆண்களின் கும்மாளமாகவே எழுதிவிடுவதில் விடுபட்டுப் போவது இதுதான்.

விடுதலைக்குப் பிறகு பார்க்கும் இடங்களின் பட்டியல் நீண்டது. அணைகள் அதில் முதலிடம் பிடித்தன. மேட்டூர் அணை 1934இலேயே கட்டி முடிக்கப்பட்டிருந்தது. மலம்புழா 1955இலும் வைகை அணை 1959இலும் வந்தன. அணை என்றால் கீழே பூங்கா, பூங்கா என்றால் வண்ண விளக்கு நீரூற்று என்ற இலக்கணத்தை வகுத்துக் கொடுத்தது மைசூருக்குப் பக்கத்திலுள்ள பிருந்தாவன் தோட்டம். கிருஷ்ணராஜ சாகர் அணையின் அடியில், திவான் மிர்சா இஸ்மாயில் காலத்தில் அமைந்தது அது. ஊட்டியிலிருந்து கூடலூர், முதுமலை வழியாக மைசூர், அங்கிருந்து பெங்களூர் என்ற வழித்தடம் இதனால்தான் நிலைபெற்றது. பகலில் அரண்மனை, சாமுண்டி மலை; அந்தி சாய்ந்ததும் பிருந்தாவனத்தில் விளக்கு எரிய வேண்டும். இந்த நேரக் கணக்கு தப்பினால் டூர் பாழ் என்பது அக்கால வகுப்புப் பிரதிநிதிகளின் முதல் பாடம். தெற்கே, 1956இல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபின் அது இன்னொரு முனையாயிற்று. 1970இல் விவேகானந்தர் பாறை நினைவகம் திறக்கப்பட்டதும் படகில் போய்வரும் கவர்ச்சியும் சேர்ந்துகொண்டது.

ரயில்வேயின் கல்விச் சுற்றுலாச் சலுகை இல்லாமல் இத்தனை தூரம் போயிருக்க முடியாது. இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 75 சதவீதம் தள்ளுபடி. புறப்பட்ட ஊருக்கே திரும்பி வரும் வட்டப் பயணச் சீட்டில் எட்டு இடங்களில் இறங்கித் தங்கலாம். டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்று கையில் காசில்லாத கிராமத்து மாணவர்கள் வடநாட்டைப் பார்த்தது இந்தச் சீட்டில்தான். அதற்கான நடைமுறை எளிதாக இருக்கவில்லை. வகுப்பு மாணவர்களின் பெயர், வயதுப் பட்டியலை நான்கு படிகளாகக் கார்பன் வைத்து எழுதி, முதல்வரின் முத்திரையோடு ரயில்வே அலுவலகத்துக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தது. ஒரு பெயரில் இனிஷியல் மாறியிருந்தாலும் திரும்பி வந்துவிடும். இதற்காகவே வகுப்பில் நல்ல கையெழுத்துக்காரன் ஒருவன் பிடிக்கப்படுவான். முன்பணம் கட்டிவிட்டுக் கடைசி நேரத்தில் ‘வீட்ல விடல’ என்று பின்வாங்கியவனின் பங்கை யார் ஏற்பது என்ற பஞ்சாயத்தும் இருக்கும். நோட்டுப் புத்தகத்தில் வரவு எழுதிய மாணவனுக்குக் கணக்கு ஒருபோதும் நேர்பட்டதில்லை. பட்டம் வாங்கிய பிறகும் ‘அந்த டூர் காசு’ என்று நண்பர்கள் அவனைச் சீண்டுவது அவன் சம்பளம். 2020இல் கொரோனாவை ஒட்டி மூத்த குடிமக்கள் உள்ளிட்ட பலரின் ரயில் சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் மாணவர் சலுகை தப்பியது.

எழுபதுகளிலிருந்து ரயிலின் இடத்தைப் படிப்படியாகப் பேருந்து பிடித்தது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971இல் ஏற்பட்டு, மலை ஊர்களில் மலிவான தங்குமிடங்களைத் திறந்தது. தனியார் சுற்றுலாப் பேருந்துகள் பெருகின. இந்தப் பேருந்துகளுக்குள் யார் எங்கே உட்கார்வது என்பதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முன்வரிசையில் ஆசிரியர்கள், சில சமயம் அவர்களுடைய குடும்பம். அடுத்து மாணவிகள். நடுவில் படிக்கிற பிள்ளைகள். கடைசி நீள இருக்கை அரியர் வைத்திருப்பவர்களுக்கு. பாட்டும் தாளமும் அங்கிருந்துதான் கிளம்பும். டிபன் பாக்ஸ் மூடியோ தண்ணீர்க் குடமோ கையில் கிடைத்தது மேளமாகும். எண்பதுகளில் வீடியோ கோச் வந்ததும் நிலைமை மாறியது. ஓட்டுநருக்குப் பின்னால் கட்டித் தொங்கவிட்ட டிவியில் இரவு முழுக்கப் படம் ஓடியது. பாடியவர்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். புளிசாதப் பொட்டலமும் தயிர்சாதப் பொட்டலமும் முதல் நாள் மதியத்தோடு தீரும். கொண்டை ஊசி வளைவு ஆரம்பித்ததும் எலுமிச்சம்பழம் கைமாறும். எத்தனையாவது வளைவு என்று எண்ணுவதில் ஒரு கட்சி. ஜன்னலில் தலைவைத்துக் கண்ணை மூடிக்கிடப்பதில் ஒரு கட்சி. ஏற்காட்டுக்கு 20, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70 வளைவுகள். வளைவுதோறும் எண் பலகை நிற்பதால் ஏமாற்றவும் முடியாது.

1984இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தந்தது. அடுத்த கால் நூற்றாண்டில் நெடுஞ்சாலை ஓரங்களெல்லாம் கல்லூரிகளாயின. டூரின் பெயரும் மாறியது. ‘இண்டஸ்ட்ரியல் விசிட்’ அல்லது சுருக்கமாக ‘ஐ.வி.’ என்ற சொல் அப்போதுதான் எல்லோர் வாயிலும் புழங்க ஆரம்பித்தது. ஃபைசனின் மாணவர்கள் பகல் முழுக்கச் செடி பறித்தார்கள் என்றால், ஐ.வி. மாணவர்கள் ஒரு மணி நேரம் ஏதாவது ஒரு தொழிற்சாலையின் வாசலில் தலைக்கவசம் மாட்டிக் குழுப் படம் எடுத்துக்கொள்வார்கள். துறைத் தலைவரின் கோப்புக்கு அந்தப் படம் போதும். மீதி மூன்று நாள் மூணாறு, கொச்சி, ஆலப்புழை. இதில் ஏமாற்று என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஏமாறுவதற்கு யாரும் இல்லையே. காலை எட்டு மணிக்குக் கல்லூரிப் பேருந்தில் ஏற்றி மாலை ஐந்துக்கு இறக்கிவிடும், ஆணும் பெண்ணும் பேசினால் அடையாள அட்டையைப் பிடுங்கும் கல்லூரிகள் பல இருந்த காலத்தில் இந்த மூன்று நாள்தான் கல்லூரி வாழ்க்கை என்று சொல்லத்தக்கதாக இருந்தது. அதே கல்லூரிகளில் சில, பிற்பாடு மாணவிகளை ஐ.வி.க்குத் தனிப் பேருந்தில் அனுப்பின.

கல்லூரி ஏற்பாடு செய்யும் டூர் இப்படியிருக்க, தேர்வுக்குப் பிந்தைய கோடை வேறு வழியில் போனது. கடைசித் தேர்வு முடிந்தபின் மாணவன் கல்லூரிக்கும் சொந்தமில்லை, வேலைக்கும் சொந்தமில்லை. ‘ரிசல்ட் வரட்டும்’ என்பது வீட்டில் எந்தக் கேள்விக்கும் பதில். தென் மாவட்டங்களில் இந்தக் காலத்தோடு சரியாகப் பொருந்தியது குற்றாலம். தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் இறங்கினதும் சாரல் தொடங்கும். பேரருவியிலோ ஐந்தருவியிலோ மணிக்கணக்கில் நின்றுவிட்டு, செங்கோட்டைப் பக்கம் பார்டர் பரோட்டாவுக்குப் போவது திருநெல்வேலி, மதுரை மாணவர்களின் மாறாத நிகழ்ச்சி நிரல். நண்பர்கள் கூடிக் கழிக்கும் ஊர் என்ற பெயர் குற்றாலத்துக்கு ரசிகமணி டி.கே.சி. காலத்திலேயே உண்டு; ராஜாஜியும் கல்கியும் அவரோடு அங்கே கூடிக் கம்பனை ரசித்தார்கள். மாணவர் கும்பல் கம்பராமாயணத்துக்குப் பதில் சினிமாப் பாட்டோடு அதே சாரலில் நனைந்தது.

பைக் வந்தபின் ஊர்க் கணக்கே மாறியது. திருவொற்றியூரில் 1950களிலிருந்து தயாரான புல்லட் அப்பாக்களின் வண்டி. அதை மகனிடம் தருவதில்லை. 1985இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100தான் மாணவர்களின் வண்டி. சென்னை மாணவர்களுக்கு மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலை, கோவை மாணவர்களுக்கு வால்பாறை, சேலம் மாணவர்களுக்கு ஏற்காடு. 1998இல் கொங்கண் ரயில் பாதை முழுதாகத் திறந்ததும் கோவா பட்டியலுக்கு வந்தது. 2001இல் வந்த ‘தில் சாஹ்தா ஹை’ படம் கல்லூரி முடிந்த நண்பர்கள் கோவாவுக்குத்தான் போக வேண்டும் என்று இந்திய இளைஞர்களை நம்பவைத்துவிட்டது. ஊட்டிக்குப் போய்வந்ததை வீட்டில் சொல்லலாம். கோவாவுக்குப் போய்வந்ததை அப்படிச் சொல்ல முடியாது. அதனால் ‘ஃப்ரெண்டு அக்கா கல்யாணம், மங்களூர்ல’ என்பது போன்ற புது முகாந்திரங்கள் தேவைப்பட்டன.

இந்த வரலாற்றில் சாவுகளும் உண்டு. 2000 பிப்ரவரி 2 அன்று, கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டதை எதிர்த்து நடந்த மறியலில், தருமபுரி இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் சென்ற கல்விச் சுற்றுலாப் பேருந்துக்கு அ.தி.மு.க.வினர் தீ வைத்தனர். மூன்று மாணவிகள் உயிரோடு எரிந்து இறந்தனர். குற்றவாளிகள் மூவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2016இல் உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2018இல் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். தீ வைத்தவர்களின் குற்றத்துக்கான விலையையும் பெண் பிள்ளைகளே கொடுத்தார்கள். டூருக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லப் பெற்றோருக்கு அதன்பின் பல ஆண்டுகள் ‘தருமபுரி’ என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது.

2014 ஜூன் 8 அன்று, ஐதராபாத்திலிருந்து இமாச்சலப் பிரதேசத்துக்குச் சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள் பியாஸ் ஆற்றில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்த லார்ஜி அணையிலிருந்து முன்னறிவிப்பு இல்லாமல் தண்ணீர் திறக்கப்பட்டது. 24 மாணவர்களும் சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டனர். இழப்பீட்டில் ஒரு பங்கைக் கல்லூரியும் ஏற்க வேண்டும் என்று இமாச்சல உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் மாணவர் பாதுகாப்பு நெறிமுறைகளை வெளியிட்டது. அதன் விளைவு தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் தெரிந்தது: ஒப்புதல் கடிதம் முத்திரைத் தாளுக்கு மாறியது, நீர்நிலைகள் பயணத் திட்டத்திலிருந்து விழுந்தன, பல நிர்வாகங்கள் டூரையே நிறுத்திக்கொண்டன. நிறுத்தியதால் பயணம் நிற்கவில்லை. ஆசிரியர் இல்லாமல், வாடகை வேனில், எந்த அருவியில் எவ்வளவு ஆழம் என்று தெரியாத ஓட்டுநரோடு அது தொடர்ந்தது. கல்லூரி தன் பொறுப்பைக் கழற்றிவிட்டதே தவிர ஆபத்தைக் குறைக்கவில்லை.

இரண்டு சம்பவங்கள் மலைப்பகுதிகளைப் பற்றிய பேச்சை மாற்றின. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை முன்பதிவு முறையில் திறந்தது. மற்றொன்று கொடைக்கானலில் நடந்தது. 1991இல் ‘குணா’ படம் எடுக்கப்பட்டபின் அந்தப் பெயரிலேயே வழங்கும் குகையில் 2006இல் கொச்சி அருகேயுள்ள மஞ்ஞும்மல் ஊர் இளைஞர் குழுவில் ஒருவர் ஆழமான பிளவில் விழுந்தார். பிழைக்க வாய்ப்பில்லை என்று கைவிடப்பட்டிருந்த இடத்தில் நண்பர் ஒருவரே கயிறு கட்டி இறங்கி அவரை மீட்டார். 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படமாக அது வந்ததும், எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டிய கதை அழைப்பிதழாகிவிட்டது. குகையைப் பார்க்க நண்பர் கூட்டங்கள் வரிசை கட்டின.

படிப்பு முடியும் காலமும் முன்போல் இல்லை. வளாக நேர்காணலில் வேலை கிடைத்த பொறியியல் மாணவருக்கு மே முதல் வேலையில் சேரும் தேதி வரை உள்ள இடைவெளிதான் இன்றைய ‘கடைசி கோடை’. நிறுவனம் தேதியைத் தள்ளிப்போட்டால் கோடையும் நீளும். வாட்ஸ்அப் குழுவில் திட்டம் போடப்படுகிறது, ஜிபேயில் பங்கு பிரிகிறது. நோட்டுப் புத்தகக் கணக்காளர் ஒழிந்தார். 36 படம் கொண்ட ஃபிலிம் ரோலை மூன்று நாளுக்கு அளந்து செலவழித்த காலத்தில் ஒருவர் கண்ணை மூடியிருந்தால் அவர் அந்த டூர் முழுக்கக் கண்ணை மூடியவர்தான்; அந்தக் கட்டுப்பாடும் போய்விட்டது. இப்போது மணாலியும் மேகாலயாவும் ‘டூர் ஆபரேட்டர்’களின் இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில் ஐந்து நாள் நான்கு இரவுத் தொகுப்பாக விற்கின்றன. படிப்பு என்ற முகாந்திரத்தைக் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். பெண்கள் தனியாகக் குழு சேர்ந்து போவதும் நகரங்களில் வழக்கமாகிவிட்டது. சிறு ஊர்களில் பெற்றோர் கையெழுத்து இன்னும் கேட்கப்படுகிறது.

மலைகளின் கொள்ளளவு நீதிமன்றத்துக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025இல் ஏப்ரல் முதல் ஜூன் முடிய, நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள்; கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என வரம்பு விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வந்தவர்களை இந்த வரம்பு கட்டுப்படுத்தவில்லை. வாடகை வேனுக்குப் பாஸ் கிடைக்காத மாணவர் குழுக்கள் மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கி, அரசுப் பேருந்தில் இடம் பிடித்து மேலே போயின.